சுவிட்ச் மாட்டிய இடம்

பட்டறைச் சுவரில் ஏற்கெனவே நான்கு துளைகள் இருந்தன. லேத் மெஷினுக்கு நேர் பின்னால், தோள் உயரத்தில். மோட்டாரை முன்னும் பின்னும் சுற்ற வைக்கும் புது சுவிட்சை அங்கேயே மாட்டிவிடச் சொன்னார் முதலாளி. பதினோரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வருகிறார், வேறு இடத்தில் துளை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்றார். வயர்மேன் முதலாளியின் தங்கை கணவர். மச்சான் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாதவர்.

லேத்தை ஓட்டும் பெண்மணியை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அதே மெஷின். மரை வெட்டும்போது ஒரு நாளைக்கு நூறு தடவை திசை மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்கு மேலே கையை நீட்டியாக வேண்டும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். போகப்போகப் பழகிவிடும் என்று சொல்லி ஸ்க்ரூவை முறுக்கினார் வயர்மேன்.

வயர் வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. திசை மாறும்படி மூன்று வயரில் இரண்டை மாற்றி இணைத்து, எர்த்தை இறுக்கி, மூடியைப் போட்டார். அதிகாரிக்குக் காட்ட வேண்டிய படிவத்தில் 'ஓட்டுபவரைக் கலந்து இடம் முடிவு செய்யப்பட்டது' என்ற வரிக்கு எதிரே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டார்.

ஓட்டிக் காட்டச் சொன்னார் முதலாளி. அக்கா நிற்கும் இடத்தில் வயர்மேன் போய் நின்றார். மோட்டார் சீராகச் சுற்றியது. நிறுத்துவதற்காகக் கையை நீட்டினார். பொத்தான் போடாத முழுக்கைச் சட்டை சக்கில் மாட்டி, தோளோடு அவரை இழுத்தது. அக்கா பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார். சட்டை தோள் வரை கிழிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. எலும்பு தப்பியது.

அக்கா காயத்தைக் கழுவித் துணி சுற்றினார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயர்மேனுக்குக் காயத்தைவிட அதுதான் எரிந்தது.

முதலாளி மணியைப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இல்லையே? கையெழுத்துதான் போட்டாச்சுல்ல, அப்படியே இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

வயர்மேன் படிவத்தை எடுத்துத் தன் கையெழுத்தின் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"நான் ஒரு தடவைதான் கை நீட்டினேன் மச்சான். அக்கா தினம் நூறு தடவை நீட்டணும். மெஷின்ல நிக்கிறவங்கள கேக்காமலே, கேட்டோம்னு எழுதிடுறோம். அது வெறும் பொய் இல்ல. அவங்க கையை நாமளே எடுக்கிற மாதிரி."

மச்சான் முகத்துக்கு நேரே அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை.

அதிகாரி வந்தபோது சுவரில் சுவிட்ச் இல்லை. வேலை முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். முதலாளி அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வயர்மேன் நல்ல கையால் சுவிட்சை மெஷினின் முன்பக்கம் வைத்துப் பிடித்தார். "இங்க எட்டுதாக்கா?"

"இன்னும் ரெண்டு விரல் கீழ," என்றார் அக்கா.