மஞ்சள் துணியில் இரண்டு பெட்டரி

சாராயத்தை விட்டவன், வெற்றிலையை விட்டவள், கட்டின பெண்டாட்டியை விட்டவன் என்று மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்துக்கொரு கதை உண்டு. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை விடமுடியாமல் செத்துச் சுண்ணாம்பானவள் ஜெயந்தினி ஒருத்திதான். தொண்ணூற்றெட்டாம் வருசம் அது.

ஜெயந்தினி பிள்ளை மடுவத்து ஆயா. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததிலிருந்து சாயங்காலச் சங்கு ஊதும் வரை பதினாலு பிள்ளைகள் அவள் பொறுப்பு. பால்மா கரைக்க வேண்டும், திரிபோசா சத்துமாவை உருட்டிக் கொடுக்க வேண்டும், ஒருத்தனுக்கு மூக்கைத் துடைக்கும்போது இன்னொருத்திக்கு அடியைத் துடைக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். தம்பி தீபாவளிக்கு வரும்வரை அவளைப் பற்றி ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

கொழும்பில் கடையில் நிற்கும் அந்தத் தம்பி, அக்காள் மகளுக்கென்று ஒரு பிரிக் கேம் பெட்டி வாங்கி வந்தான். மேலேயிருந்து கல் கல்லாக விழும். திருப்பித் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்கினால் ஒரு வரிசை நிரம்பி மறைந்துபோகும். அவ்வளவுதான் விளையாட்டு. எட்டு வயது மகள் சிவரூபி இரண்டு நாள் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரே கல்லாத்தான் விழுது" என்று தூக்கிப் போட்டாள். அவளுக்கு இருந்த புத்தி பெற்றவளுக்கு இல்லை. மூன்றாம் நாள் ஜெயந்தினி அதைக் கையில் எடுத்தாள். கார்த்திகை மாதம் போனது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் கணவன் புவனேந்திரன் முறைப்பான் என்று, பெட்டியை மடுவத்துக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் தூங்கும் நேரம் மட்டும் என்று தொடங்கியது, பிள்ளைகள் முழித்திருக்கும் நேரமும் ஆடுவது என்று வளர்ந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். யாருக்கும் தெரியாது என்றுதான் இவளும் நினைத்தாள்.

மார்கழியில் ஒரு நாள் ஒன்பதாவது கட்டத்தில் இருந்தாள். அதற்கு முன் அவள் அவ்வளவு தூரம் போனதில்லை. கல் மழைபோல விழுந்தது. முடித்துவிட்டுத் தலை தூக்கினால், பிள்ளைகள் தாண்டாமலிருக்க வைக்கும் வாசல் பலகை விலகிக் கிடந்தது. எண்ணினாள். பதிமூன்று. இன்னொரு தடவை எண்ணினாலும் பதிமூன்றுதான்.

லெட்சுமியின் மகள் சுலோஜனாவைக் காணவில்லை. இரண்டு வயசு, நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. ஜெயந்தினி செருப்பில்லாமல் ஓடினாள். மடுவத்துக்குக் கீழே மலைத் தண்ணீர் வடியும் பெரிய கான் ஓடுகிறது, மழைக்காலத்தில் மாட்டையே இழுத்துக்கொண்டு போகும். கானுக்கு ஒரு சாண் இப்பால், தேயிலைச் செடிக்கு அடியில், பிள்ளை உட்கார்ந்து மண் தின்றுகொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் மண் ஒட்டிய பல்லைக் காட்டிச் சிரித்தது.

வாயைக் கழுவி, சட்டையை அலசி, அடுப்புச் சூட்டில் காயவைத்து மாட்டிவிட்டாள். மாலையில் லெட்சுமி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெயந்தினி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்றிரவு தரையில் கையை விரித்து அந்த ஒரு சாணை அளந்து அளந்து பார்த்தாள்.

மறுநாள் காலை கேமிலிருந்த இரண்டு பெட்டரியையும் கழற்றிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அங்கே வேண்டுதல் வைப்பவர்கள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தில் கட்டுவார்கள். வேண்டியது முடியும்வரை அவிழ்க்கக்கூடாது. இவள் காசுக்குப் பதிலாக இரண்டு பெட்டரியை முடிந்து கட்டினாள். "தாயே, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு இத தொடமாட்டேன். மீறித் தொட்டா என் கையி வெளங்காமப் போகட்டும்."

சரி, பெட்டரியைக் கட்டியவள் பெட்டியையும் சேர்த்துக் கட்டியிருக்கலாமே? தம்பி வியர்வை சிந்தி வாங்கித் தந்ததாம், அம்மனுக்கு அதை வைத்து என்ன செய்யத் தெரியுமாம். சாராயத்தைக் கொட்டிவிட்டுப் போத்தலை மோந்து பார்க்க வைத்துக்கொண்ட கதைதான். பெட்டி மடுவத்து அலமாரியில், பால்மா டின்னுக்குப் பின்னால், பத்திரமாக இருந்தது.

முதல் மூன்று நாள் வீராப்பில் போனது. நாலாம் நாள் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. சோறு பிசைந்தால் ஆடியது, சாமி கும்பிட்டால் ஆடியது. புவனேந்திரன், "என்னாடி, வாதமா?" என்று கேட்டு எண்ணெய் தேய்த்துவிட்டான். கண்ணும் கெட்டது. லயத்துக் கூரைத் தகரம், அடுக்கிய விறகு, ரொட்டித் துண்டு எல்லாம் கல்லாகத் தெரிந்தன. எதைத் திருப்பி எங்கே சொருகலாம் என்றே மனசு கணக்குப் போட்டது. யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தாள். திரிபோசா உருண்டை கேட்ட பிள்ளையிடம், "ஒங்கப்பன் வீட்டு மில்லா இது?" என்று கத்திவிட்டு, அது உதட்டைப் பிதுக்கியதும் இரண்டு உருண்டையாகக் கொடுத்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் தூங்க வைத்தாள். நேராகப் படுத்தவனை நேராக விட்டாள், காலை மடக்கிப் படுத்தவளைத் திருப்பி மூலைக்குத் தள்ளினாள், குறுகிக் கிடந்ததை இடையில் சொருகினாள். பதினாலு பிள்ளைகளும் பாய் முழுக்க ஒரு விரற்கடை இடைவெளியில்லாமல் நிரம்பினார்கள். வரிசை நிரம்பிவிட்டதே, இன்னும் மறையவில்லையே என்று ஒரு கணம் காத்திருந்தாள். பிறகுதான் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது உறைத்தது. "அடி சண்டாளி" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தாங்கமுடியவில்லை. கோயிலுக்குப் போனாள், சும்மா முடிச்சைத் தொட்டுப் பார்க்கத்தானாம். அங்கே நல்லையா பூசாரியும் மலையில் வேலை வாங்கும் கங்காணியும் சூலத்தின் அடியில் வாய் பிளந்து நின்றார்கள். ஒன்பது நாள் மழையில் ஊறிய பெட்டரி துணிக்குள் வெடித்து, வெள்ளையாகப் பூத்து, சூலத்தில் வழிந்து காய்ந்திருந்தது. பூசாரி அதை விரலில் தொட்டு நெற்றி நிறையப் பூசியிருந்தார்.

"பாத்தியா புள்ள, அம்மா திருநீறா பொழியுறா!"

"பூசாரி மாமா, அது வந்து..."

"பேசாத. தொடாத. இனிமே அந்த முடிச்ச நான் தொறக்க உடமாட்டேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டே இருந்ததைப் பார்க்க இவளுக்குப் பாவமாக இருந்தது. "கழுவிருங்க மாமா, அரிக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

கங்காணிக்கு வேறு கவலை. "சாமி, எங்க மலையில பொம்பளைங்களுக்கு என்னமோ வந்துருச்சு. மணிக்கு ஒருத்தி ஒண்ணுக்குப் போறேன்னு எறங்கிடுறா. அத்தன பேருக்கும் சக்கர வியாதியா இருக்குமோ? கொஞ்சம் துன்னூறு குடுங்க." ஜெயந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி திரும்பிப் போனாள். ஒன்பது நாளில் அவள் சிரித்தது அதற்குத்தான்.

பத்தாம் நாள் விடியும்போதே புத்தி கோணல் வழியில் ஓடியது. அம்மனுக்குக் கட்டிய பெட்டரியைத்தானே தொடக்கூடாது? வேறு பெட்டரியைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லையே? இந்த வாதத்தில் வக்கீலே தோற்றுப்போவான். புவனேந்திரனின் ரேடியோவில் இருந்தவை தடிப் பெட்டரி, உதவாது. வீட்டு மணிக்கூட்டில் ஒன்று சரியான அளவில் இருந்தது. புவனேந்திரன் ஃபெக்டரிக்குக் கிளம்பியதும் அதைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். மடுவத்துச் சுவர் மணிக்கூட்டில் இன்னொன்று. பத்து பத்துக்கு அதன் முள் நின்றது. வெளியே மூட்டம் இறங்கி மலையை மூடியிருந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். பெட்டரி மூடியைத் திருப்பி மாட்டக்கூடப் பொறுமையில்லை.

கீக்கீ என்று பெட்டி உயிர்த்தது. முதல் கல் விழுந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சுகம்.

எவ்வளவு நேரம் போனதோ. வாசலில் ஒரு உருவம் நின்றது. பெரியாயி. ஐம்பதைத் தொட்ட, வாயில் எப்போதும் வெற்றிலையும் வசவும் சேர்ந்தே இருக்கும் கொழுந்துக்காரி. முதுகில் கூடை, தலையில் ஈரச் சாக்கு. பெட்டியை ஒளிக்கவும் ஜெயந்தினிக்கு நேரமில்லை. ஆனால் பெரியாயி அவளைப் பார்க்கவே இல்லை. விரலை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினாள்.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு..." விரல் அந்தரத்தில் நின்றது. "லெட்சுமி மக எங்கடி?"

பெட்டி தரையில் விழுந்தது. ஜெயந்தினி வாசலுக்கு ஓடினாள். கான் இரைவது மூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது. மாரியாத்தா, என் கையை எடுத்துக்கோ, பிள்ளையைக் கொடு என்று வாய்விட்டுக் கத்தினாள்.

கதவுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. வெறும் திரிபோசாப் பெட்டிக்குள் சுலோஜனா உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். ஜெயந்தினி பாய்ந்துபோய் வாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். கேமின் பெட்டரி மூடி. எச்சில் ஒழுக அது அவள் உள்ளங்கையில் கிடந்தது.

"பதினாலு" என்றாள் பெரியாயி. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பெரியாயக்கா! ஒங்கள யாரு எண்ணச் சொன்னா?"

"இந்த மணிக்கு என் மொறடி. எப்பவும் பின் சன்னல் ஓட்டையில பாத்துட்டுப் போயிருவேன். இன்னைக்கு மூட்டத்துல ஒண்ணும் தெரியல."

ஜெயந்தினி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணிக்கு ஒருத்தி. அத்தனை பேருக்கும் சக்கரை வியாதி. நேற்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அதை நினைக்க நினைக்க மானம் போனது.

பகல் சங்கு ஊதியதும் பால் கொடுக்க லெட்சுமி இறங்கி வந்தாள். மெலிந்த, அதிகம் பேசாத பெண். ஜெயந்தினி அவள் கையில் மூடியை வைத்தாள். கானோரம் நடந்ததையும் சொன்னாள், இன்றைக்கு நடந்ததையும் சொன்னாள். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"மண்ணு தின்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள் லெட்சுமி. "ரெண்டு நாளா கழிஞ்சதுல தேயில எலயே வந்துச்சுடி. அந்தக் கீக்கீ சத்தம் ஆறாம் நம்பர் மல வரைக்கும் கேக்கும். அன்னையிலருந்து எல்லாரும் பேசி மொற போட்டுக்கிட்டோம்."

"தோட்டத்துத் தொரைக்கிட்ட சொல்லியிருக்கலாமே. என்னைய வெரட்டியிருப்பாரே."

"வெரட்டிட்டு? முந்தி இருந்தவ புள்ளைங்க திரிபோசாவ தின்னே கொழுத்தா. ஒன்னைய அனுப்புனா மடுவத்த ஆறு மாசம் பூட்டிப் போடுவாங்க, நாங்க புள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுத்தான் கொழுந்தெடுக்கணும். நீ நல்லவ. அந்தச் சனியன்தான் கெட்டது." பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆனா எம்புள்ள செத்திருந்தா ஒன்னைய வெட்டியிருப்பேன் ஜெயந்தி. அதையும் தெரிஞ்சிக்க."

"வெட்டியிருக்கணும்" என்றாள் ஜெயந்தினி. "மொறய எப்ப நிறுத்துவீங்க?"

"பாப்பம்."

அன்றைக்கே பெட்டியைக் கொண்டுபோய்க் கக்கூஸ் குழியில் போட்டாள். பெட்டரி இரண்டும் மணிக்கூடுகளுக்குத் திரும்பின. சத்தியத்தை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள். அதோடு ஆசை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குழிக்குள் கை விட்டால் எடுக்கலாமா என்றுகூட ஒரு நாள் எட்டிப் பார்த்தாள், நாற்றம்தான் காப்பாற்றியது. கட்டைவிரல் அடங்கவேயில்லை. கடைசியில் அதற்கு ஒரு வேலை கொடுத்தாள். நாலு விரலின் கணுக்களில் கட்டைவிரலை ஓடவிட்டால் பன்னிரண்டு, மறு கையில் இரண்டு. பதினாலு. விரல் ஆட வேண்டும் என்று துடிக்கும்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணினாள். மணிக்கொரு தடவை வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கத்தினாள்: "பதினாலு!"

பதில் வராது. கொஞ்ச நேரத்தில் பின் ஜன்னல் ஓட்டையில் ஒரு நிழல் வந்து போகும். தை போனது, மாசி வந்தது. நிழல் வந்துகொண்டேதான் இருந்தது. அவளும் குறை சொல்லவில்லை. நாற்பத்தெட்டு நாள் முடிந்து, பெரட்டுக்கு முன்னால் கோயிலுக்குப் போனால், பூசாரி முடிச்சை அவிழ்க்க விடவில்லை. அவர் நெற்றியில் தோல் உரிந்த தழும்பு மட்டும் மிச்சமிருந்தது. கங்காணி பக்கத்தில் நின்று தேங்காய் உடைத்தார். அம்மன் புண்ணியத்தில் பொம்பளைகளுக்குச் சக்கரை வியாதி குறைந்துவிட்டதாம், நேற்று முழுக்க ஒருத்தியும் மலையை விட்டு இறங்கவில்லையாம்.

ஜெயந்தினி கும்பிட்ட கையோடு நின்றாள். பிறகு மடுவத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பிள்ளைகளை வாங்கித் தூங்க வைத்தபோது பதினொரு மணி. ஜன்னல் ஓட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பத்து நிமிசம் போனது, கால் மணி போனது. ஒருத்தியும் வரவில்லை. அவளுக்குச் சந்தோசத்தை விடப் பயம்தான் வந்தது. கணுவில் கட்டைவிரலை ஓட்டி இரண்டு தடவை எண்ணினாள். வாசலுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"பதினாலு பேரும் இருக்கு!"

மேலேயிருந்து லெட்சுமியின் குரல் வந்தது. "யாருடி கேட்டா ஒன்னைய? கத்தாத, எம்புள்ள முழிச்சுக்கும்!"

ஜெயந்தினி வாசல் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய் இன்னொரு தடவை எண்ணினாள்.