துரைசாணியின் குஞ்சு

முட்டையை விட்டு வெளிவந்து இரண்டு பகல்கள் கழிந்த பின்னும் அந்தக் குஞ்சு ஒரு நொய்யரிசியைக்கூடத் தொடவில்லை. உடன்கொண்டுவந்த மஞ்சள் கருவின் மிச்சந்தான் அதன் உயிரை நிறுத்தி வைத்திருந்தது. அது தீர்வதற்குள் உண்ணத் தொடங்காவிடில் குஞ்சு இறந்துவிடும் என்பதை மர்சலின் அறிந்திருந்தார். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய மகள் கரோல், தான் பணிபுரியும் பெருங்குடி ஆய்வுக்கூடத்திலிருந்து அக்குஞ்சை அட்டைப்பெட்டியில் இட்டு, மடியில் வைத்து, வாடகைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"அங்க ஒரே ஜெனரேட்டர் சத்தம், மம்மி. போறவங்க வர்றவங்க எல்லாம் எட்டிப் பாக்குறாங்க. இங்கயாவது சாப்பிடுதான்னு பாப்போம்."

காரின் பின்னிருக்கையில் துரைசாணியும் வந்திருந்தாள்.

துரைசாணி என்பது பாடம் செய்யப்பட்ட ஒரு வாத்து. உடல் கரும்பழுப்பு, கழுத்தும் தலையும் வெளிறிய ரோஜா நிறம். இந்நாட்டுச் சதுப்புகளில் ஒரு காலத்தில் நீந்திய அவ்வினத்தை நெடுங்காலமாக எவரும் கண்டதில்லை. மர்சலினின் மறைந்த கணவர் ஃபிரெட்ரிக்கின் முன்னோர் எவரோ ஏலத்தில் எடுத்த அப்பறவை, கண்ணாடிப் பெட்டிக்குள், மாதா படத்துக்குக் கீழே, தலைமுறைகளாக நின்றுகொண்டிருந்தது. தோல் கெடாதிருக்க ஆர்சனிக் நஞ்சு பூசியிருந்தமையால் பெட்டியைத் திறப்பதில்லை. ஆண்டுதோறும் இறந்தோர் நாளன்று, கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படுமுன், கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடைப்பார்கள்.

ஒரே ஒருமுறை அது திறக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தார் துரைசாணியின் பாதத்திலிருந்து கடுகளவு தோலைச் சீவிக்கொண்டு சென்றனர். அதிலிருந்து அறிந்த மரபுச் செய்தியைச் சாதாரண வாத்துகளின் கருவணுக்களில் திருத்தி எழுதினர். அத்தகைய வாத்தொன்று இட்ட முட்டையிலிருந்து வந்ததே இக்குஞ்சு.

பொரியும் வேளையில் குஞ்சின் எதிரே துரைசாணியை வைக்கவேண்டும் என்று கூறியவர் மர்சலின். முதலில் காண்பதையே வாத்துக்குஞ்சு தாயாகக் கொள்ளும். மனிதரைக் கண்டால் மனிதர் பின்னேயே நடக்கும். ஆகவே தன் இனத்தையே அது காணட்டும் என்றார். ஆய்வுக்கூடத்தில் அனைவரும் அந்த யோசனையைப் பாராட்டினார்கள்.

இப்போது கூடத்துத் தரையில், கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே, குஞ்சு நின்றது. கழுத்தைச் சற்றே இடப்புறம் சாய்த்து, வலக்காலைச் சிறிது முன்வைத்து நின்றது. கடற்காற்று திரைச்சீலையை அதன்மேல் வீசியபோதும் அசையவில்லை. பெட்டிக்குள் துரைசாணியும் இடப்புறம் கழுத்தைச் சாய்த்து, வலக்காலை முன்வைத்து நின்றாள்.

மர்சலின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நோய் இல்ல, கரோல். அம்மாவைப் பாத்துக் கத்துக்குது."

"எந்த அம்மா?"

"அவ என்னைக்குச் சாப்பிட்டா, இது சாப்பிட?"

கரோல் எழுந்து பெட்டியின் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். அப்போதுதான் அக்குஞ்சின் குரலை அவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். மெலிந்த ஒற்றைக் குரல். கூவிக்கொண்டே அது சுவர்களில் மோதி மோதி ஓடியது. கால் மடங்கி விழுந்தது. விரிப்பை அகற்றியதும் எழுந்து வந்து, மறுபடியும் நின்றுவிட்டது.

அவ்வேளையில் ஆய்வுக்கூடத் தலைவி ஷ்ரேயாவின் அழைப்பு வந்தது. கரோல் ஒலிபெருக்கியை இயக்கினாள்.

"சாப்பிட்டுதா?"

"இல்ல மேடம்."

"சரி விடு. அடுத்த முட்டைங்க ரெடி ஆயிட்டு இருக்கு. நாளைக்கு அந்த ஸ்டஃப் பண்ண பேர்டை அனுப்பிடு."

"மேடம், அதப் பாத்துதான் இது இப்படி..."

"ஒண்ணை வெச்சு எதையும் சொல்ல முடியாது, கரோல். இன்னொரு தடவை பாத்துடுவோம்."

கரோல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "போனதைத் திரும்பக் கொண்டாரத்தானே மம்மி இவ்ளோ பாடுபட்டோம்."

"கொண்டாந்துட்டீங்க. வந்தது யாரோட இருக்கும்?"

மர்சலின் சமையலறைக்குச் சென்று, பாத்திரம் துலக்கும் மஞ்சள் ரப்பர் கையுறையை அணிந்து, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு வந்தார். பெட்டியின் பின்கதவைத் திறந்தார். பழைய சூடமும் தூசியும் கலந்த நெடி எழுந்தது. கண்ணாடிக்கு உட்புறம் ஒரு தட்டும் வெளிப்புறம் ஒரு தட்டும் வைத்து, இரண்டிலும் கரோலைக் கொண்டு நொய்யைத் தூவச் செய்தார். துரைசாணியின் கழுத்தைப் பின்னிருந்து பற்றி மெல்ல வளைத்தார். உள்ளிருந்த கம்பி முனகியது. அலகு தட்டில் பட்டு ஒலித்தது.

குஞ்சின் கண் அசைந்தது.

மீண்டும் வளைத்தார். குஞ்சு ஓரடி முன்வந்தது. தானும் கழுத்தைத் தாழ்த்தித் தன் தட்டைக் கொத்தியது. ஒரு நொய் உள்ளே சென்றது.

"மம்மி," என்றாள் கரோல். "இறந்தவங்க நாளைக்குக்கூட நாம இவளைத் தொட்டதில்ல."

"பேசாத. தண்ணி வை."

அப்பிற்பகல் முழுவதும் துரைசாணி உண்டாள், குஞ்சும் உண்டது. மர்சலின் கையை எடுத்த போதெல்லாம் இரண்டும் ஒன்றேபோல் அசைவற்று நின்றன. பொழுது சாயும் வேளையில் துருப்பிடித்த கம்பி முறிந்தது. கழுத்துத் தையல் விட்டு வைக்கோல் சிதறியது. ரோஜா நிறத் தலை, நொய்த் தட்டில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.

குஞ்சு அதைப் பார்த்தது. பின்பு தன் தலையையும் தன் தட்டில் அதே பக்கவாட்டில் கிடத்திக் கண்களை மூடிக்கொண்டது.

கரோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டிக்குள்ளிருந்த கையை எடுக்கவும் மர்சலினுக்குத் தோன்றவில்லை. அந்தக் கை மெல்லத் தாழ்ந்தது. மஞ்சள் விரலொன்று தட்டில் பட்டு ஒலித்தது.

குஞ்சு கண்ணைத் திறந்தது. அது துரைசாணியைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தது. எழுந்து நின்றது.

மர்சலின் கையை வெளியே எடுத்து, அக்கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே நிறத்தில் புதியதொன்றை அணிந்து தரையில் அமர்ந்தார். விரலால் தட்டைத் தட்டினார். குஞ்சு அருகில் வந்து கொத்தியது. விரல் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.

ஷ்ரேயா மறுபடியும் அழைத்தபோது மர்சலினே மறுகையால் எடுத்தார்.

"துரைசாணி வரமாட்டாம்மா. கழுத்து அறுந்துபோச்சு."

"தைச்சுக்கலாம் ஆன்ட்டி. எங்ககிட்ட ஆள் இருக்காங்க."

"தைச்சு என் வீட்டுல வெச்சுப்பேன். குஞ்சு முன்னால இனி வெக்க விடமாட்டேன்."

"அப்போ அடுத்த குஞ்சுங்களுக்கு யாரைக் காட்டறது?"

"அது தெரியுற வரைக்கும் முட்டையைச் சூட்டுல வெக்காத."

"ஆன்ட்டி, எல்லாம் ஏற்கெனவே மெஷின்லதான் இருக்கு. காதை வெச்சா உள்ள கத்தறது கேக்குது."

தட்டிக்கொண்டிருந்த மர்சலினின் விரல் அவரையறியாமல் நின்றிருந்தது. அவர் எதிரே, குஞ்சின் கழுத்து மெல்ல இடப்புறம் சாய்ந்தது. வலக்கால் முன்னே வந்தது.

கைபேசியைத் தரையில் வைத்துவிட்டு, அவர் மீண்டும் தட்டத் தொடங்கினார்.