பார்ஜிட்டரை எதிர்த்துப் பார்ஜிட்டர்

எங்கள் ஹாக்கிள்பரியில் மில்பாண்ட் வார்டின் நகரமன்ற உறுப்பினராக இருந்தவர் பார்ட்ரம். மகளைப் பார்க்க ஸ்பெயினுக்குப் போனவர் ஆறு மாதமாகத் திரும்பவே இல்லை. அது யாருக்கும் தெரியவும் இல்லை. போகும்போது தன் மழைக்கோட்டை மன்றக் கூடத்து நாற்காலியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பார்த்தவர்கள் எல்லாம், மனிதர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றே நினைத்தார்கள். கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் ஒரு நாள் அந்தக் கோட்டைச் சலவைக்கு எடுத்துப் போனார். நாற்காலி காலி என்பது அப்போதுதான் மன்றத்துக்கு உறைத்தது. ஆறு மாதம் கூட்டத்துக்கு வராதவருக்குப் பதவி கிடையாது. இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

யார் ஜெயிப்பார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுத் தரகர் ஜைல்ஸ் ஆம்பர்லி சுயேச்சையாக நின்றார். ‘விற்பனைக்கு’ என்ற பலகைகளில் அவர் முகம் ஏற்கெனவே வார்டு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்ததால், தனியாகச் சுவரொட்டிகூட அடிக்கவில்லை.

ஆனால் ஊரில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று குடியிருப்போர் சங்கம், மற்றது நகர முன்னேற்றக் குழு. பூங்காவில் உள்ள வாத்தியமேடைக்கு என்ன நிறம் பூசுவது என்பதில் பத்தொன்பது வருடங்களுக்கு முன் முறைத்துக்கொண்டவர்கள். தோற்றாலும் பரவாயில்லை, வாக்குச்சீட்டில் எதிரியின் பெயர் இருந்து தங்கள் பெயர் இல்லாமல் போகக் கூடாது. அதனால் இரண்டு பேருமே ஒரு பெயரைத் தேடி அலைந்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் திருமதி டோல்ஹர்ஸ்ட், ரோலண்ட் பார்ஜிட்டரைப் பிடித்தார். ரோலண்ட் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வயது அறுபது. எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் குரலை உயர்த்தாதவர். மாணவிக்காக ரயில் நிலையத்தருகே காரை நிறுத்தியிருந்தபோது, கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் டோல்ஹர்ஸ்ட் வந்து உட்கார்ந்துகொண்டார்.

“பேரை மட்டும் குடுங்க ரோலண்ட். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நான் ஜெயிச்சுட்டா?”

“போன தடவை எங்களுக்கு விழுந்தது நாப்பத்தியொரு ஓட்டு. அதுல ரெண்டு செல்லாதது. நிம்மதியா இருங்க.”

ரோலண்டுக்கு மறுத்துப் பேச வராது. கையெழுத்துப் போட்டார். வீட்டில் சொல்லவில்லை. தோற்கப்போகிற விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

அதே வாரம் குழுவின் தலைவர் குவென்னல் ஒரு பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனார். அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவர் ரோலண்டின் மனைவி டெல்மா. அவர் தொலைபேசியில் பேசினால் எதிர்முனைக்குத் தொலைபேசி தேவைப்படாது, குரல் அப்படி.

“பூனைக்கு என்ன?” என்றார் டெல்மா.

“பூனைக்கு ஒண்ணுமில்ல. இது என் தங்கச்சி பூனை, சும்மா கடன் வாங்கிட்டு வந்தேன். தேர்தல் மனுவுல உங்க கையெழுத்து வேணும்.”

“ஜெயிக்கிற வேலை எதுவும் இல்லையே?”

“சத்தியமா இல்ல.”

டெல்மாவும் கையெழுத்துப் போட்டார். அவரும் வீட்டில் சொல்லவில்லை.

மனுத் தாக்கல் முடிந்த மறுநாள் காலை, பார்ஜிட்டர் வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாக ஒரே மாதிரி இரண்டு பழுப்பு உறைகள் விழுந்தன. இரண்டின் மேலும் ‘வேட்பாளர் பார்ஜிட்டர்’ என்று அச்சடித்திருந்தது. டெல்மா ஒன்றைப் பிரித்தார். ரோலண்ட் மற்றொன்றைப் பிரித்தார். ஒருவர் கடிதத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

“நீயுமா?” என்றார் டெல்மா.

“நீ எந்தப் பக்கம்?”

“குழு. நீ?”

“சங்கம்.”

“வாத்தியமேடைக்குப் பச்சை அடிக்கணும்னு சொல்ற ஆளுங்க கூடவா சேர்ந்தே? முப்பத்தியொரு வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன், இப்படி ஒரு ஆளுன்னு தெரியாமப் போச்சே!”

“எப்படியும் ஜைல்ஸ்தானே ஜெயிக்கப்போறான், விடு.”

உறைக்குள் இருந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும்தான் விஷயம் தெரிந்தது. ஜைல்ஸின் மனுவை முன்மொழிந்தது அவருடைய அம்மா. முன்மொழிபவர் வார்டுக்குள் வசிக்க வேண்டும், அந்த அம்மா இருப்பதோ மகன் தெருவின் எதிர்ச்சாரியில். வார்டின் எல்லைக்கோடு தெருவின் நட்டநடுவில் போகிறது. மனு செல்லாது. வாபஸ் வாங்கும் கெடுவும் முந்தின நாள் நான்கு மணியோடு முடிந்துவிட்டது. ஆக, களத்தில் இருந்தது இரண்டு பேர். இரண்டு பேரும் அந்தச் சமையலறையில் இருந்தார்கள்.

டெல்மா தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். “நான் செத்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார். தேர்தலை ரத்து செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நடத்துவோம் என்றார் அதிகாரி அம்மாள். அது சரிப்படாது என்று டெல்மா வைத்துவிட்டார்.

அன்றைக்கே பிரச்சாரம் தொடங்கியது. ரோலண்ட் வீடு வீடாகப் போய் டெல்மாவுக்கு ஓட்டுக் கேட்டார். அடுத்த தெருவில் டெல்மா ரோலண்டுக்கு ஓட்டுக் கேட்டார். அவர்கள் வீட்டு முன்ஜன்னலின் இடது பாதியில் டெல்மாவுக்கு வாக்களியுங்கள் என்று ரோலண்ட் ஒட்டியிருந்தார். வலது பாதியில் ரோலண்டுக்கு வாக்களியுங்கள் என்று டெல்மா ஒட்டியிருந்தார். தபால்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கடிதங்களைப் பக்கத்து வீட்டில் போட ஆரம்பித்தார்.

டோல்ஹர்ஸ்டும் குவென்னலும் பதறிவிட்டார்கள். அவரவர் வேட்பாளர் எதிரிக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டு திரிகிறார். பத்தொன்பது வருடங்களுக்குப் பின் இருவரும் தேநீர்க்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். வாத்தியமேடைப் பேச்சு வந்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் ரோலண்ட் கால்வாய்த் தெருவில் திருமதி டாப்னியின் கதவைத் தட்டினார். டாப்னிக்கு எண்பத்தைந்து வயது. ரோலண்டிடம் கார் ஓட்டக் கற்று, ஆறு முறை தேர்வுக்குப் போய் ஆறாவதில் உரிமம் வாங்கியவர்.

“உள்ள வா கண்ணு. உன் பொண்டாட்டி காலையில வந்துட்டுப் போனா.”

“என்ன சொன்னா?”

“நீ வெட்டியா இருக்கேன்னு சொன்னா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உனக்கு ஒரு வேலையும் கிடையாதாம், கூட்டம் அன்னிக்குத்தான் வருதாம்.”

ரோலண்டின் முகம் சிறுத்துப் போயிற்று.

“இன்னும் இருக்கு, கேளு. நான் உன் காரைக் கொண்டுபோய் மீன்கடை ஜன்னல்ல விட்டேனே, அன்னிக்கு நீ வீட்டுக்குப் போய் என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலையாம். கடைக்காரன் ஜன்னலை ரொம்ப முன்னாடி தள்ளி வச்சிருந்தான்னு சொன்னியாமே? அப்படி ஒரு மனுஷனை மன்றத்துல உக்கார வைக்கணும்னு சொல்லிட்டு என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினா.”

ரோலண்ட் துண்டறிக்கையைக் கொடுக்க மறந்து வெளியே வந்தார்.

தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு தேவாலயக் கூடத்தில் வேட்பாளர் விவாதம். வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள், அதில் நான்கு பேர் பிஸ்கட்டுக்காக. அன்று இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். பாதிரியார் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

சாலைக் குழிகளைப் பற்றி முதல் கேள்வி வந்தது.

“அதை டெல்மாகிட்ட விட்டா ஒரே வாரத்துல மூடிடுவா. இவ குரலைக் கேட்டா குழியே தானா மூடிக்கும்,” என்றார் ரோலண்ட்.

“ஊர்ல இருக்கிற ஒவ்வொரு குழியும் அவருக்கு மனப்பாடம். அவர் காரு எல்லாத்துலயும் விழுந்திருக்கு. அவரையே போடுங்க,” என்றார் டெல்மா.

எல்லாக் கேள்விக்கும் இப்படியே போயிற்று. கடைசியில் பின்வரிசையில் இருந்து ஜைல்ஸ் ஆம்பர்லி எழுந்தார். கசப்போடுதான் வந்திருந்தார்.

“ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் புகழ்ந்துக்கிறீங்க. உங்க எதிராளிகிட்ட இருக்கிற ஒரே ஒரு குறையைச் சொல்லுங்க பார்ப்போம்.”

ரோலண்ட் மேசைத் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். டெல்மா வாயைத் திறந்து மூடினார். அவரிடம் நீளமான பட்டியல் இருந்தது, அது ஊருக்கே தெரியும். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதில் தொடங்கும்.

“ஒண்ணும் இல்ல,” என்றார் டெல்மா.

“என்கிட்டயும் ஒண்ணும் இல்ல,” என்றார் ரோலண்ட்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேர்தல் கூட்டத்தில் ஜனங்கள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரிடமும் ஏதோ மாறிப்போயிற்று. தன்னைப் பற்றி இத்தனை நல்ல வார்த்தைகளைக் கேட்ட மனிதருக்கு அது உண்மையாக இருக்குமோ என்று தோன்றாமல் இருக்காது. டெல்மா மருத்துவமனை மேசைக்கடியில் கட்டட அனுமதி விதிகளை வைத்துப் படிப்பதாக நாய் கொண்டுபோனவர்கள் சொன்னார்கள். ஒரு வேட்டை நாய்க்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைப் பற்றிக் கேட்டவருக்கு வடிகால் பற்றிப் பதில் சொன்னாராம். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. கடைசி நாள் வரை கணவருக்கே ஓட்டுக் கேட்டார்.

வாக்குப்பதிவு உணவகத்தின் பின்கூடத்தில் நடந்தது. வாசல் கம்பியில், வாக்களிக்க வந்தவர்களின் பதினொரு நாய்கள் கட்டப்பட்டிருந்தன. பார்ஜிட்டர்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு வந்து, தடுப்புக்குள் தனித்தனியே போய், நூலில் கட்டிய பென்சிலால் அவரவர் எதிராளியின் பெயருக்கு நேரே ஓட்டுக்கான பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை பள்ளி விளையாட்டரங்கில் வாக்கு எண்ணியவர்களில் நானும் ஒருவன். கார் ஓட்டக் கற்றவர்கள் ஒரு பக்கம், நாய் பூனை வளர்ப்பவர்கள் ஒரு பக்கம் என்று வார்டு பிரிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. ரோலண்டுக்கு இருநூற்றுப் பதினான்கு. டெல்மாவுக்கு இருநூற்றுப் பதினான்கு. முப்பத்தொன்பது பேர் ஜைல்ஸின் பெயரைத் தாங்களே எழுதி அதற்கு நேரே பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவை செல்லாதவை. ஒரே ஒரு சீட்டு மிச்சம். அதில் யாரோ இரண்டு பெயரையும் சேர்த்து ஒரு இதயம் வரைந்திருந்தார்கள்.

அதிகாரி அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவுகோல் கேட்டார். இதயத்தின் பெரும்பகுதி யார் கட்டத்தில் இருக்கிறது என்று அளந்தார். குவென்னல், “இடது பக்கம் தடிமனா இருக்கு,” என்றார். டோல்ஹர்ஸ்ட், “கூர்முனை எங்க கட்டத்துலதான் முடியுது,” என்றார். முக்கால் மணி நேரம் கழித்து, வாக்காளரின் எண்ணம் அழகானது, ஆனால் தெளிவானதல்ல என்று அறிவித்து அதையும் தள்ளினார்.

மறுபடி எண்ணினோம். அதே கணக்கு. சட்டப்படி குலுக்கல்தான். இரண்டு துண்டுக் காகிதத்தை மடித்து ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டு, அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார்.

“ரோலண்ட் பார்ஜிட்டர்.”

டெல்மா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார், எல்லோருக்கும் பின்னால் நிறுத்தினார். கணவரை முத்தமிட்டார். புகைப்படத்துக்குச் சிரித்தார். பிறகு இருவரும் காரில் ஏறினார்கள். பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சந்தைச் சதுக்கத்து வட்டச்சாலையின் நடுவில், எந்தக் காரணமும் இல்லாமல், டெல்மா அதை அழுத்தி மிதித்தார்.

வண்டி குலுங்கி நின்றது.

“என்ன ஆச்சு டெல்மா?”

“நான் ஜெயிச்சிருக்கணும் ரோலண்ட்.”

“நீ வேண்டாம்னுதானே...”

“வேண்டாம்னுதான் சொன்னேன். மொதல்ல. அப்புறம் வேணும்னு தோணிடுச்சு. வாயைத் திறந்து சொல்ல முடியுமா? ஊரெல்லாம் போய் உனக்குக் கேட்டுட்டு!”

பின்னால் எட்டுக் கார்கள் நின்றன. ஓட்டியவர்களில் ஐந்து பேர் ரோலண்டின் பழைய மாணவர்கள். ஆகவே ஹாரன் அடிக்காமல், கைப்பிரேக்கைப் போட்டுக்கொண்டு ஒழுங்காகக் காத்திருந்தார்கள்.

“நான் ராஜினாமா பண்ணிடறேன். மறுபடி தேர்தல் வரும்,” என்றார் ரோலண்ட்.

“வந்தா ஜைல்ஸ் அம்மாவை விட்டுட்டு வேற ஆளைப் பிடிச்சுடுவான். நீயே இரு. ஆனா ஒண்ணு. ஒழுங்கா வேலை செய்யணும். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.” காலை எடுத்தார். “இப்போ ஓட்டு. கண்ணாடியைப் பார்த்துட்டு ஓட்டு.”

பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றதை டெல்மா சொன்னபடியே செய்தார். ரோலண்டின் முதல் கூட்டத்தில் பொதுமக்கள் வரிசையின் முதல் நாற்காலியில் டெல்மா உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் கேள்வி கேட்க மூன்று நிமிடம் தருவார்கள். டெல்மா எழுந்து, நூலகத்தின் பின்கதவு எதற்காகப் புதன்கிழமைகளில் மட்டும் பூட்டியிருக்கிறது என்று மில்பாண்ட் உறுப்பினர் விளக்க வேண்டும் என்றார். ஒலிபெருக்கியை அணைத்தும் குரல் குறையவில்லை.

ரோலண்ட் எழுந்து நின்றார். அவருக்குத் தெரியவில்லை. “விசாரித்து எழுத்து மூலம் பதில் அளிக்கிறேன், அம்மணி,” என்றார்.

எட்டு நாள் கழித்துக் காலையில் மன்றத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் திரும்பவும் சரியான வீட்டில் போடத் தொடங்கியிருந்தார். ரோலண்ட் எதிரே முட்டை தின்றுகொண்டிருக்க, டெல்மா அதைப் பிரித்து உரக்கப் படித்தார். ‘அன்புள்ள திருமதி பார்ஜிட்டர், தங்கள் கேள்விக்கு நன்றி. சாவி வைத்திருக்கும் ஊழியருக்குப் புதன்கிழமை விடுமுறை என்று அறிகிறேன். இது குறித்துத் தொடர்ந்து கவனிக்கப்படும்.’

“தொடர்ந்து கவனிக்கப்படும்னா? யார் கவனிப்பா?”

“அதைப் பத்தி வீட்டுல பேசக் கூடாதுன்னு விதி இருக்கு,” என்றார் ரோலண்ட், முட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

டெல்மா கடிதத்தை மடித்தார். இழுப்பறையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். பதில் திருப்தியாக இல்லை, இன்னொரு சாவி செய்ய என்ன தடை என்று கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலையை நாவால் ஈரப்படுத்தி ஒட்டினார். வெளியே நல்ல மழை. மழைக்காலணியை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்குப் புறப்பட்டார்.

“இங்கயே குடேன். கையிலயே வாங்கிக்கறேன்,” என்றார் ரோலண்ட்.

“அது முறை இல்ல,” என்று சொல்லிவிட்டு டெல்மா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.