சொர்ணம் அக்காவுக்கு எந்தப் பதவியும் இல்லை

எங்கள் மேலாளர் தேவசகாயம் இப்போது ஒரு டீ டம்ளர் உயரம்தான் இருக்கிறார். அவர் சொன்னது நடக்காத ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிறுத்துவிடுவார். நாங்கள் பழகிவிட்டோம். மின்விசிறியைப் போடும்போது மட்டும் அவர் பறந்துவிடாமல் இருக்க ஒரு பேப்பர் வெயிட்டைச் சாய்த்து வைப்போம்.

என் மனைவி அமுதாவுக்கு வலி எடுத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மேலாளரிடம் ஓடினேன்.

"தாராளமா போங்க. தலைப்பிரசவம். இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார்.

நடந்தேன். வராந்தா நீண்டது. வேகமாக நடந்தால் வேகமாக நீண்டது. வாசற்கதவு தபால்தலை அளவுக்குப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் என் நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த மேசை வேலப்பன் தலை நிமிராமல் கேட்டார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"மேலாளர் சரின்னுட்டாரே."

"அது சரி. அக்காகிட்ட சொன்னீங்களா?"

சொர்ணம் அக்கா ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் தினமும் வந்து தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். யாரையும் அதட்டியதில்லை. யாருக்கு இடமாற்றம், யாருக்கு ஜன்னலோர மேசை என்பதெல்லாம் அவர் உரித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"அக்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"போ தம்பி. நானா புடிச்சு வச்சிருக்கேன்?"

"நீங்க சரின்னு சொல்லணும்."

"சொல்றதுக்கு நான் யாரு? மேலாளர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"மொதல்ல அவர்கிட்டயா கேட்ட?"

அவர் முகம் மாறவில்லை. எனக்குப் பின்னால் வராந்தா நீள்கிற சத்தம் கேட்டது.

மன்னிப்புக் கேட்டேன்.

"நமக்குள்ள என்னப்பா மன்னிப்பு?" என்று சிரித்தார். மன்னிக்கவில்லை.

போன் வந்தது. பெண் குழந்தை. வராந்தாவில் ஓடினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி போன். குழந்தை தவழ்கிறாள். பிறகு பள்ளிக்கூடம். பிறகு அமுதா, "இனிமே நான் கூப்பிடல. நீங்க வேலையப் பாருங்க" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. நான் ஓடுவதை நிறுத்தினேன்.

ஒருநாள் வாசற்கதவு திறந்து ஓர் இளம்பெண் வந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். வராந்தா அவளுக்காகச் சுருங்கிக்கொண்டது. அமுதாவின் நெற்றி அவளுக்கு. அவள் மேலாளரைத் தேடவில்லை. நேரே அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்துக்கொண்டாள்.

மாலையில் அக்கா எழுந்தார். அந்தப் பெண் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டாள். நான் வழியில் நின்றேன்.

"அம்மா உங்களப் பத்தி சொல்லியிருக்காங்க," என்றாள்.

"என்னன்னு?"

"நல்லவர்னு."

பையைத் தோள் மாற்றினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. அக்கா போகணும்."

தள்ளி நின்றேன்.