போலீஸ் சீரியலில் படித்த ஜெர்மன்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கான வீடியோ நேர்காணல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜெர்மன் கற்றதெல்லாம் ஒரே ஒரு போலீஸ் சீரியலில்தான். "அதெல்லாம் வேலைக்காகாதுடி" என்று தலைபாடாக அடித்துக்கொண்ட அக்கா, லேப்டாப்புக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரையிலிருந்த ஜெர்மன் மேலாளர் மருந்துக்கும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் முழுக்க எங்க இருந்தீங்க?"

உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த வசனம் எந்த எபிசோடிலும் வந்ததில்லை. கேள்வியோ, சீரியலில் இன்ஸ்பெக்டர் ஓயாமல் கேட்பது. கைதியைப் போலவே கையைக் கட்டிச் சாய்ந்துகொண்டாள். பதில் தானாக வந்து விழுந்தது.

"வக்கீல் வராம வாயத் திறக்க மாட்டேன்."

மேலாளரின் பேனா நின்றது. அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இன்னும் கடைசி எபிசோட் பாக்கல. கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க."