செசிலி இலோயிலோ போகிறாள்

"பிலிப்பைன்ஸுக்கு வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறது இல்லையே அக்கா," என்றான் மிப்ரான், கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது அவனுடைய பயண முகவர் கடை. செசிலி குவைத் போனபோது டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் அதே கடைதான்.

"வேலைக்கு இல்ல தம்பி. இலோயிலோனு ஒரு ஊரு. நாலு நாளு சுத்திப் பாக்கணும், சாப்பிடணும், வரணும்."

அவன் இப்போது திரும்பினான். "தனியாவா?"

"தனியாத்தான். அங்க என் கூட்டாளி இருக்கு."

கூட்டாளியின் பெயர் லோர்னா. குவைத்தில் இருவருக்கும் ஒரே வீட்டில் வேலை, ஒரே சமையலறை. பூண்டு உரித்துக்கொண்டே லோர்னா, பாதி அரபியிலும் பாதி ஆங்கிலத்திலுமாகத் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவாள். பலாக்காயும் துவரையும் பன்றி இறைச்சியும் சேர்த்து வைக்கும் கறி. சந்தைக்குள் உட்கார்ந்து ஆவி பறக்கக் குடிக்கும் நூடில்ஸ் சூப். இரண்டு பக்கமும் பெண் புனிதர்களே வரிசையாக நிற்கும் மோலோ தேவாலயம். அதில் ஒருத்தி செசிலியாவாம். கேட்கக் கேட்கச் செசிலிக்கு வாயும் ஊறும், கண்ணும் நிறையும்.

இப்போது செசிலி, சுற்றுலாப் பயணிகள் வரும் எல்ல என்ற மலை ஊரில் ஒரு விடுதியில் சமைக்கிறாள். வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். அவளுடைய பலாக்காய்க் கறியைப் படம் பிடிக்கிறார்கள், ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடுகிறார்கள், மறுநாள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தானும் அப்படி ஓர் ஊருக்குப் போனால் என்ன என்று ஒருநாள் தட்டுக் கழுவும்போது தோன்றியது. அந்த நினைப்பு பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பியதும் கணவரிடம் சொன்னாள். கபிரியேல் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லயத்துல என்னா பேசுவாங்க?"

"குவைத்துக்குப் போனப்ப யாரும் ஒன்னும் பேசலியே."

"அது குடும்பத்துக்காகப் போன."

"இது எனக்காக."

கபிரியேல் வாசல் பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் ரெண்டு வருஷம்னுதான் சொன்ன," என்றார்.

செசிலிக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷம் ஏழாக நீண்டது. மகள் ஷிரோமி தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று கபிரியேல்தான் தலை பின்னிவிட்டார். கோணல் வகிடோடு பிள்ளை நின்ற படத்தை அவள் குவைத்தில் கைப்பேசியில் பார்த்தாள்.

"அப்ப என் பாஸ்போட்ட அந்த வீட்டு மேடம் அலுமாரியில வச்சுப் பூட்டிருந்துச்சு," என்றாள். "இப்ப அது என் கையில இருக்கு. போறேங்க. வந்துருவேன்."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். செசிலி மறுநாளே லோர்னாவுக்கு அழைத்து, முதல் நாள் சந்தைக்கு, அடுத்த நாள் மோலோவுக்கு என்று பேசி முடித்தாள். விசாவுக்குக் கொழும்புக்கும் தனியாகவே போய் வந்தாள்.

விசா கிடைத்துவிட்டதாக மிப்ரான் அழைத்தது ஒரு ஞாயிறு காலை. கபிரியேல் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து குவைத் பெட்டியை இழுத்தார். கைப்பிடியில் விமான நிலையச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது வேணாங்க. நாலு நாளைக்கு எதுக்கு அவ்வளவு பெருசு?"

அவர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். ஆணியில் தொங்கிய ஷிரோமியின் பழைய தோள்பையை எடுத்து, பூஞ்சணத்தைத் துணியால் துடைத்தார். வெளியே பனி விலகித் தேயிலை மேட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்து, உள்ளே வெயில் விழும்படி பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.