விறகு பிளக்கும் சத்தம்

வெள்ளை ரொட்டியின் பொருக்கை நாலு பக்கமும் சீவி எடுத்துவிட்டு, நடுப்பகுதியை விரல் அகலத் துண்டுகளாக எஸ்தர் நறுக்கிக்கொண்டிருந்தாள். நோயாளிக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கப் போதகர் வந்தால், ரொட்டியை வீட்டார்தான் எடுத்துவைக்க வேண்டும். அம்மா இருந்தவரை அது அம்மாவின் வேலை. கத்தி நேராகப் போகவில்லை. உள்ளறையில் அப்பாவின் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுக்கொண்டே நறுக்கினால் எப்படி நேராகப் போகும்?

அப்போதுதான் பின்முற்றத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தாள். தம்பி பாலிந்த். கோட்டைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் போட்டுவிட்டு விறகு பிளந்துகொண்டிருந்தான். குளிர்காலம் முழுவதற்கும் போதுமான விறகு கூரைக்கடியில் அடுக்கியிருக்கிறது. அது அவன் கண்ணிலும் பட்டிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் இந்த முற்றத்தில் கால் வைக்காதவனுக்கு வர ஒரு சாக்கு வேண்டாமா?

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

"உள்ள வாடா. போதகர் வர்ற நேரம்."

"அவர் கூப்பிட்டாரா?"

"அவரால பேசவே முடியலடா."

"நேத்து டாக்டரைத் திட்டினாராமே, ஊரே சிரிக்குது. என்னைக் கூப்பிட மட்டும் மூச்சு இல்லையாக்கும்?"

"நீயா வந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"ஒண்ணும் குறையாதுக்கா. கன்னம்தான் சிவக்கும்." அவன் அடுத்த கட்டையை நிறுத்தி வைத்தான்.

நிலத்தையும் குதிரைகளையும் அரசாங்கத்தின் கூட்டுப் பண்ணைக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லி ஆட்கள் வீடு வீடாக வந்த குளிர்காலத்தில், அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பாலிந்த் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். போடாவிட்டால் கிழவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம் என்று வந்தவர்கள் சொன்னதை அவன் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல இடமும் கிடைக்கவில்லை. குதிரைகள் இரண்டும் போயின. ஈஸ்டர் அன்று கோயில் வாசலில், ஊர் பார்க்க, அப்பா கெதெயோன் மகனை அறைந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, உள்ளே போய், மூப்பர்கள் வரிசையில் நின்று திருவிருந்து வாங்கினார். பாலிந்த் அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

திஸா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் திருவிருந்துக்குப் போகும்முன் வீட்டில் இருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். கெதெயோன் ஒரு பண்டிகைக்கும் அதைத் தவறவிட்டதில்லை. மனைவியிடம் கேட்பார், மகளிடம் கேட்பார், வயலுக்கு வரும் கூலியாளிடம்கூடக் கேட்பார். "பாலிந்த்?" என்று அம்மா ஒருமுறை மெல்லக் கேட்டாள்.

"வீட்டில இருக்கிறவங்ககிட்டதான் கேக்கணும். அவன் வீட்டில இல்ல," என்றார்.

அம்மா அதன்பிறகு கேட்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு அவளும் இல்லை.

போதகர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்து, காலுறையோடு உள்ளே வந்தார். சின்ன வெள்ளிக் கிண்ணத்தைக் கட்டிலருகே வைத்தார்.

"கெதெயோன் ஐயா, எல்லாரோடயும் சமாதானமா இருக்கீங்களா?"

"தேவனோட இருக்கேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கியது. "விசுவாசிக்கிறேன். நாம செய்யுற கிரியையால ஒண்ணும் ஆகாது, விசுவாசத்தாலதான் ரட்சிப்புன்னு நீங்கதானே பிரசங்கம் பண்றீங்க? மன்னிப்புக் கேக்குறதும் ஒரு கிரியைதானே?"

போதகருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "விசுவாசம்னா வெறுங்கையை நீட்டுறது, ஐயா. எதையோ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே எப்படி வாங்குவீங்க?"

கெதெயோனின் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

வெளியே கோடாலி விழுந்தது.

"யாரது?"

"பாலிந்த், அப்பா," என்றாள் எஸ்தர். "கூப்பிடட்டுமா?"

அவர் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு அடி. கட்டை பிளக்கவில்லை, திரும்பவும் ஒரு அடி.

"கோடாலி மொண்ணையா இருக்கு," என்றார்.

"அப்பா, கூப்பிடட்டுமா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

போதகர் காத்திருந்தார். பிறகு, "யாருக்குத்தான் தகுதி இருக்கு," என்று யாரிடமும் அல்லாமல் சொல்லி, ரொட்டியை எடுத்து அவர் வாயில் வைத்தார். திராட்சரசம் கடைவாயில் வழிந்து தலையணையில் இறங்கியது.

போதகர் ஜெபத்தை முடிக்கவும் மூச்சு நிற்கவும் சரியாக இருந்தது. எஸ்தர் பின்கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் பாலிந்த் கோடாலியைக் கட்டையில் குத்தி நிறுத்தினான். தொப்பியைக் கழற்றினான். "கூப்பிட்டாரா?" என்று இப்போது அவன் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு போர்பாலாவும் எஸ்தரும் உடலைக் கழுவினார்கள். தாடையைத் துணியால் கட்டும்முன் எஸ்தர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். ரொட்டித் துண்டு கன்னத்தோரம் அப்படியே ஒதுங்கிக் கிடந்தது. விழுங்க முடியாமல் போனதா, மனமில்லையா? எடுத்த துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு போர்பாலா பார்க்காதபோது அதை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோயில் பாட்டுக்காரர் யெனோ வந்தார். அடக்கத்தன்று செத்தவரின் வாயாக நின்று, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, விடைபெற்றுப் பாடுவது அவர் வேலை.

"மகளே எஸ்தர்னு தொடங்குறேன். பையன் பேரைச் சொல்லணுமாம்மா? இல்ல, சும்மா உறவினர்களேன்னு போயிடட்டுமா?"

"சொல்லுங்க, மாமா. என்னை மன்னிச்சுக்கோ மகனேன்னு பாடுங்க."

யெனோ மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவர் சொன்னாரா?"

"சொன்னார்," என்றாள் எஸ்தர்.

அடக்கத்தன்று முற்றத்தில் இரண்டு நாற்காலிகள் மேல் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பனி பெய்யவா வேண்டாமா என்று இருந்தது. யெனோவின் குரல் இந்த வயதிலும் நடுங்கவில்லை. எஸ்தரின் பெயர் வந்தது, அவள் அழுதாள். அடுத்து, "என் மகனே பாலிந்த், உன்மேல் ஓங்கிய கையை மன்னித்துவிடு" என்று வந்ததும் பெண்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"கெதெயோனா மன்னிப்புக் கேட்டார்? திஸா ஆறு மேல்நோக்கி ஓடுதாடி?" என்றாள் போர்பாலா. சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஸ்தர் தம்பியைப் பார்த்தாள். அவன் சிறு பையனாக இருந்தபோதுதான் அந்த முகத்தை அப்படிப் பார்த்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சவப்பெட்டியைத் தூக்கும்போது, தலைமாட்டுப் பக்கம் நின்றவரை விலக்கிவிட்டு அவன் தோள் கொடுத்தான்.

அடக்கம் முடிந்து, பிளம் சாராயம் குடித்து, ரொட்டி தின்று எல்லாரும் கலைந்த பிறகு, அக்காளும் தம்பியும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கோப்பையில் ஊற்றியது அப்படியே இருந்தது.

"அக்கா."

"ம்."

"அப்பா நெசமாவே அப்படிச் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யெனோவிடம் அது எவ்வளவு சுலபமாக வந்தது! எஸ்தர் மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளைக் கையால் கூட்டினாள். கூட்டியதைத் திரும்பவும் கலைத்தாள்.

அவன் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"அது யெனோ மாமாவோட வார்த்தைதானா?"

"என்னோடது," என்றாள்.

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?"

"நீ வெட்டுற சத்தத்தைக் கேட்டார்."

"கேட்டுட்டு?"

"கோடாலி மொண்ணையா இருக்குன்னார்."

பாலிந்த் எழுந்தான். கதவருகே போனான். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு மறுகோடிக்குப் போய்விடுவான், இனி வரமாட்டான் என்று எஸ்தர் நினைத்தாள். அவன் கோட்டை எடுக்கவில்லை. அடுப்புக்கு மேல் தட்டில், அப்பா எப்போதும் வைக்கும் இடத்தில், சாணைக்கல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பனி விழத் தொடங்கியிருந்தது. எஸ்தர் பாத்திரங்களைக் கழுவினாள், துடைத்தாள், அடுக்கினாள். விளக்கேற்றும் நேரமாகியும் முற்றத்தில் கல் இரும்பில் உரசும் சத்தம் நிற்கவில்லை.